கைகாட்டி ஏன் இறங்கவில்லை?

ரயில்வே வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாள். அதை அடக்க அரசாங்கம் அனுப்பிய பெரிய அதிகாரி, பட்டாளத்து ஆளை இன்ஜின் ஓட்டச் சொல்லி, நாலு நிருபர்களோடு தனி ரயிலில் கிளம்பி வந்தார். எங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே கைகாட்டி இறங்காமல் ரயில் நின்றுவிட்டது.

அதிகாரி இறங்கி விறுவிறுவென்று நடந்தார். நிருபர்களும் பின்னால் ஓடினார்கள். கைகாட்டி இழுக்கும் செவத்தியான் கேபின் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டாச்சு. கைகாட்டியை இறக்கு, இல்லேன்னா ஜெயில்!"

"இறக்கிடலாங்க. ஆனா முன்னால லைன் காலியா இருக்கணுமே? எல்லா ரயிலும் வழக்கம்போல ஓடுதுன்னு காலையில ரேடியோவுல நீங்கதானே சொன்னீங்க?"

"யோவ், ஒரு ரயிலும் ஓடலய்யா!"

செவத்தியான் நிருபர்கள் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கிட்டீங்களா?"