வரிசையில் ஐந்தாவது ஆள்

கருங்காடன்குளத்தில் புத்திசாலிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இது அவ்வூர் ஒயிலாட்டக் குழுவைப் பற்றியது.

ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று, காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியுமாக, தவிலின் அடிக்கு ஒன்றுபோல ஆடுவதே ஒயிலாட்டம். குழுவில் ஒன்பது பேர். முதலில் நிற்பவர் ஆட்டம் பழக்கிய அண்ணாவி நல்லபெருமாள். ஐம்பத்தெட்டு வயது, பேரன் பேத்தி எடுத்தவர். அவர் வகுத்த சட்டம் ஒன்றே ஒன்று: முன்னால் நிற்பவன் செய்வதைப் பின்னால் நிற்பவன் செய்ய வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை அவர்கள் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அண்ணாவி ஒருமுறை, சொத்தையான தன் இடது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் மற்ற எட்டுப் பேரும் அதே பல் டாக்டரின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆளுக்கு அந்தப் பல் எப்போதோ விழுந்துபோயிருந்தது. பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது, இனி குழுவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவர் கண்கலங்கினார்.

வரிசையில் ஐந்தாவது ஆள் வெயிலுமுத்து. முன்னால் நால்வர், பின்னால் நால்வர். வயது இருபத்தொன்பது. பகலில் தீப்பெட்டி ஆபீசில், ஒன்றுபோல இருக்கும் பெட்டிகளை ஒன்றுபோல அடுக்குவான். பதினொரு வருஷமாக ஆட்டத்தில் அவன் கண்டதெல்லாம் நான்காவது ஆளான மாசாணத்தின் முதுகு மட்டுமே. அந்த முதுகைப் பற்றி அவனிடம் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வான்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் கல்யாணத் தரகர் பூலோகப்பாண்டி அவனைத் தேடி வந்தார்.

"பொண்ணு உங்க ஆட்டத்தைப் பாத்திருக்கா. பேரு வடிவு. ஊத்துப்பாறையில தையல் மிஷின் வச்சிருக்கா. பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுதா. ஆனா, பிடிச்சது உன்னையான்னு அவளுக்கே தெரியலை."

"அது எப்படிய்யா தெரியாமப் போகும்?"

"ஒன்பது பேர்ல நீ எந்த ஆளுன்னு தெரிஞ்சாத்தானே சொல்லுவா? 'தைக்க வார துணிக்கே ஆளுக்கொரு நூலைக் கட்டி அடையாளம் வைக்கேன். அடையாளம் தெரியாத ஆளோட ஆயுசு பூரா எப்படி இருக்கது'ன்னு கேக்கா. வர்ற சித்திரையில அவ ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு நீங்கதான் ஆடுதீக. அன்னைக்குப் பாத்ததும் இன்ன ஆள்னு தெரியணுமாம். தெரிஞ்சா சம்மதம். தெரியலைன்னா அடுத்த ஜாதகம்."

தரகர் போன பிறகு வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தான். போன தை மாதம் அவன் காய்ச்சலில் படுத்துவிட, எட்டுப் பேர் மட்டும் போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஒன்பது பேரும் அருமையாக ஆடினார்கள் என்று ஊர் பாராட்டியது. அப்போது அது அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அவமானமாக இருந்தது. வாழ்ந்தால், 'அந்தா போறான் பாரு, அவன்தான் வெயிலுமுத்து' என்று நாலு பேர் கை காட்டும்படி வாழ வேண்டும் என்று தீர்மானித்தான்.

தீர்மானத்தில் பிழையில்லை. அதைக் குழுவிடம் போய்ச் சொன்னதுதான் பிழை.

"நியாயமான ஆசை," என்றார் அண்ணாவி. "நம்ம பையன் தனியாத் தெரியணும். அதுக்கு நாம எல்லாரும் ஒண்ணா நின்னு பாடுபடணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள், முதல் ஆள் தொடங்கி, வரிசைப்படி.

முதல் முயற்சி தலைப்பாகை. குழுவின் தலைப்பாகை மஞ்சள் நிறம். வெயிலுமுத்து சிவப்புத் துணி வாங்கிக் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனான். மறுநாள் ஒன்பது தலையும் சிவப்பாக இருந்தது.

"நீங்க எதுக்குலே கட்டினீங்க?" என்று மாசாணத்திடம் கேட்டான்.

"நீ ஒருத்தன் மட்டும் செவப்புக் கட்டிட்டு நின்னா ஊர் பூரா உன்னையவே பாக்கும். பாவம், கூச்சப்படுவியேன்னு எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம்."

"என்னையப் பாக்கணும்னுதானே கட்டினேன்."

"பாக்கட்டும். நாங்களும் கூட நிக்கோம்லா. யாரைப் பாக்கதுன்னு தெரியாம அவுகதான் திணறுவாக. நீ பயப்படாத."

அடுத்தது, யாருக்கும் சொல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்து, வெயிலுமுத்து மீசையை எடுத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் தகப்பன் இறந்தால் ஒழிய ஆண்கள் மீசையை எடுப்பதில்லை. காலையிலேயே உறவினர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அவனுடைய அப்பாவே வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். என்ன நடந்தது என்று விசாரித்தவர்களிடம், "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார்.

சாயங்காலத்துக்குள் மற்ற எட்டுப் பேரும் மீசையை எடுத்துவிட்டார்கள். ஒரே ஊரில் ஒரே நாளில் ஒன்பது தகப்பன்மார் போய்ச் சேர்ந்த செய்தி பரவி, சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்.

கொடைக்கு எட்டு நாள் இருந்தபோது அண்ணாவிக்கு ஒரு யோசனை உதித்தது. "எல்லாரும் ஆடும்போது நீ மட்டும் ஆடாம நில்லு. அதைவிட அடையாளம் வேற எதுவும் இல்லை."

வெயிலுமுத்துவுக்கு நம்பிக்கை பிறந்தது. ஒத்திகையில், தவில் தொடங்கியதும் அசையாமல் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்த நால்வரும் ஆடியபடி போனார்கள். அவன் நிற்பதைப் பார்த்து ஆறாவது ஆள் நின்றான். ஆறாவதைப் பார்த்து ஏழாவது. இப்படியே ஐந்து பேர், ஐந்து தூண்களைப்போல நின்றார்கள். முதல் ஆள் திரும்பிப் பார்ப்பது முறையல்ல என்பதால், அண்ணாவியும் மற்ற மூவரும் பஸ் ஸ்டாப் வரை ஆடிக்கொண்டே போய்விட்டார்கள். அங்கே பஸ் வந்து கதவைத் திறந்தது. அண்ணாவி ஏறவில்லை என்பதால் மற்ற மூவரும் தப்பித்தார்கள்.

"நீங்க ஏன்லே நின்னீங்க?" என்று அண்ணாவி திரும்பி வந்து அதட்டினார்.

ஆறாவது ஆள் கடற்கரையாண்டி பணிவாகச் சொன்னான்: "சட்டம் அப்படி, அண்ணாவி. முன்னால நிக்கவன் நின்னா நானும் நிக்கணும்."

"அவன் ஆடாம நிக்கான். நீ அவனை மாதிரி செய்யக் கூடாது."

"சரி, அண்ணாவி. அப்ப நான் யாரை மாதிரி செய்யணும்?"

அண்ணாவி குழுவைக் கூட்டினார். குழு நெடுநேரம் ஆலோசித்தது. கடைசியில் மாசாணம்தான் ஒரு வழி சொன்னான். "எட்டுப் பேரும் எட்டு விதமா ஆடுவோம். வெயிலுமுத்து மட்டும் எப்பவும் போல ஆடட்டும். அப்ப ஒழுங்கா ஆடுதவன் ஒருத்தன்தானே இருப்பான்? பளிச்சுன்னு தெரிவான்."

அவ்வளவு நல்ல யோசனை அந்தக் குழுவில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. அண்ணாவி மாசாணத்தின் தோளைத் தட்டினார். பிறகு மற்ற ஏழு பேரும் வந்து தட்டினார்கள்.

"ஆளாளுக்கு வேற மாதிரி ஆடணும். வெளங்குதா?" என்றார் அண்ணாவி.

"வெளங்குது. வேற மாதிரின்னா எந்த மாதிரி? நீங்க ஒரு தடவை ஆடிக் காட்டுங்க," என்றான் கடற்கரையாண்டி.

அண்ணாவி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மற்ற ஏழு பேரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். வெயிலுமுத்துவும் சுற்றினான். மாசாணத்தின் முதுகு சுற்றும்போது அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

இதே நிலையில் கொடை நாள் வந்துவிட்டது.

ஊத்துப்பாறை அம்மன் கோவில் திடலில், பிற்பகல் வெயில் சாயத் தொடங்கியபோது ஆட்டம் ஆரம்பமானது. சிவப்புத் தலைப்பாகையும் மீசையில்லாத முகமுமாக ஒன்பது பேரும், ஒரே அச்சில் வார்த்த ஒன்பது பொம்மைகளைப்போல வட்டமாக ஆடி வந்தார்கள். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டி வடிவு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தரகர். அவள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு தரகரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். தரகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்தப் பிதுக்கலை வெயிலுமுத்து பார்த்துவிட்டான்.

இனி ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. வரிசையை விட்டு வெளியே போவது. இதுவரை யாரும் செய்யாதது, செய்யலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்காதது. நினைத்த மாத்திரத்தில் அவன் முழங்கால்கள் நடுங்கின. பின்னால் வந்த கடற்கரையாண்டி அதைப் புது அடவு என்று எண்ணித் தானும் நடுங்கினான். மாசாணத்தின் முதுகை வெயிலுமுத்து கடைசியாக ஒருமுறை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வட்டத்தை விட்டு இடது காலை வெளியே எடுத்து வைத்தான்.

வானம் இடிந்து விழவில்லை. இன்னொரு அடி வைத்தான். அவன் நேரே வடிவை நோக்கி நடந்தான்.

ஆறாவது ஆள் அவன் பின்னால் நடந்தான். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆட்களும் நடந்தார்கள். வட்டமாக ஆடும்போது ஒன்பதாவது ஆளுக்குப் பின்னால் வருபவர் அண்ணாவி. முன்னால் இருப்பவன் போனால் பின்னால் இருப்பவன் போக வேண்டும். சட்டத்தை எழுதியவரே அதை மீறலாமா? அவரும் நடந்தார். கடைசியாக மாசாணம் வந்தான்.

வெயிலுமுத்து வடிவின் முன்னால் நின்று, கண்ணைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:

"என்னையக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?"

"என்னையக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?" என்றான் கடற்கரையாண்டி.

இப்படியே ஒன்பது தடவை, தாளம் பிசகாமல், வடிவிடம் சம்மதம் கேட்கப்பட்டது. ஆறாவதாகக் கேட்டவர் அண்ணாவி. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து, "கூட்டிட்டுப் போ, தாயி. ஒரு வாரம் வச்சுப் பாரு," என்றாள்.

வெயிலுமுத்துவுக்கு அழுகை வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தலையைத் தொங்கப்போட்டான். எட்டுத் தலைகள் தொங்கின.

வடிவு ஒன்பது பேரையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, விரலை நீட்டி வெயிலுமுத்துவைக் காட்டினாள்.

"இவுகதான்."

"எப்படித் தாயி கண்டுபிடிச்ச?" என்று தரகர் ஆச்சரியப்பட்டார்.

"முதல்ல கிளம்பினது இவுக. முதல்ல கேட்டதும் இவுக. எங்க ஊர்த் தலைவர் தெருவுல போனாக்கூடப் பின்னால மூணு பேர்தான் போவாக. இவுக பின்னால எட்டுப் பேர் வாராக. ஊருக்குள்ள இப்படி ஒரு பெரிய ஆள் இருக்காருன்னு ஏன் எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லை? எனக்குச் சம்மதம்."

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக, தன் பின்னால் நிற்கும் முகங்களைப் பார்த்தான். அத்தனை முகங்களிலும், சற்றுமுன் அவன் முகத்தில் இருந்திருக்கக்கூடிய அதே வருத்தம் இருந்தது.

அண்ணாவி வரிசையை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் ஆறாவது ஆளாயிட்டேன், மாப்ளே. நீதான் இனிமே முதல் ஆள். ஆட்டம் பாதியில நிக்கு. ஆடு. நாங்க பாத்து ஆடுதோம்."

தவில் மறுபடி முழங்கியது. முதல் ஆளாக நிமிர்ந்து நின்ற வெயிலுமுத்து, வழக்கம்போல மாசாணத்தின் முதுகைத் தேடினான். அது ஒன்பதாவது இடத்துக்குப் போய்விட்டிருந்தது. எதிரே இருந்தவள் வடிவு மட்டும்தான்.

வடிவு வெக்கை தாளாமல் முந்தானையால் விசிறிக்கொண்டாள். வெயிலுமுத்து கையிலிருந்த துணியால் விசிறிக்கொண்டான். அவன் பின்னால் எட்டுத் துணிகள் விசிறின. வடிவு வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்பது பேரும் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டார்கள். கூட்டம், இப்படியொரு அடவைக் கண்டதில்லை என்று கை தட்டியது. அதற்குமேல் உட்கார முடியாமல் வடிவு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். இடுப்பை ஒருபக்கமாக ஒசித்து, சேலைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து நடப்பது அவள் வழக்கம். ஒன்பது பேரும் அப்படியே நடந்தார்கள். தவில்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்ததால், ஆட்டக்காரர்கள் போனது அவருக்குத் தெரியாது.

வீட்டு வாசற்படி ஏறியதும் வடிவு திரும்பினாள். எதிர்காலக் கணவன் வாசல்வரை வந்துவிட்டான். வராதே என்று சொல்லவா முடியும்?

"உள்ள வாங்க," என்றாள்.

வெயிலுமுத்து படியேறித் திரும்பி, கடற்கரையாண்டியிடம், "உள்ள வாங்க," என்றான். கடற்கரையாண்டி படியேறித் திரும்பி, "உள்ள வாங்க," என்றான். வரிசை ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனது. கடைசியாகப் படியேறிய மாசாணம் முறைப்படி திரும்பினான். அங்கே வேப்பமரத்தில் ஒரு கிடா கட்டியிருந்தது.

"உள்ள வாங்க," என்று மாசாணம் அதை மரியாதையோடு அழைத்தான்.

கிடா ஒரு கணம் யோசித்தது. பிறகு, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது.