முத்திருளாயி சொன்னது

சிவகங்கைச் சீமையில் ஒரு வேளாண் கல்லூரி. ஓர் ஐப்பசி மாதத்தில், விவசாயத்தையும் கிராமத்து நிலங்களையும் பற்றி அங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. பல தேசத்து மாணவர்கள் வந்திருந்தார்கள்.

நடத்தியவர் பேராசிரியை தையல்நாயகி. அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன் சேவுகன். வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவன். வயதில் அவரைவிட மூத்தவன். ஆனாலும் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஊரார் பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது அவன் வேலை.

அன்று எல்லோரையும் தடுப்பணைக்கு அழைத்துப் போனார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் போகும் ஓடையின் குறுக்கே கல்லூரி கட்டிய அணை அது. தையல்நாயகியின் திட்டம். அணையின் மேல்பக்கம் தண்ணீர் தளும்பி நின்றது. கரையெல்லாம் இளமரங்கள், கொக்குகள். மாணவர்கள் படம் எடுத்து மாளவில்லை.

அந்த வழியாக முத்திருளாயி வந்தாள். அணைக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவள். கையில் களைக்கொத்து இருந்தது. கென்யாவிலிருந்து வந்த வாஞ்சிரு என்ற பெண் அவளை நிறுத்தி வணக்கம் சொன்னாள்.

“எங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்கிறாள்” என்றான் சேவுகன்.

முத்திருளாயி கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“இதக் கட்டுனதுலருந்து எங்க கண்மாய்க்குத் தண்ணி வரல தம்பி. கீழ ஓடையப் பாருங்க, வெறும் மணலாக் கெடக்கு. போன வருசம் நெல்லு கதிரு வாங்குற நேரத்துல கருகிப் போச்சு. படிச்சவுக இத்தனை பேரு வந்திருக்கீக. பெரியவுககிட்ட எடுத்துச் சொல்லித் தொறந்து விடச் சொல்லுங்க.”

தையல்நாயகி ஐந்தாறு அடி தள்ளி நின்றிருந்தார். அத்தனை தேசத்துப் பிள்ளைகள் முன்னால் அவர் தலை குனியும்படி சேவுகன் எப்படிப் பேசுவான்?

“இந்த மண் எங்கள் தாய் என்கிறார்” என்று இங்கிலீஷில் சொன்னான். “உலகத்துப் பிள்ளைகள் வந்து பார்ப்பதில் தாய்க்குச் சந்தோஷம் என்கிறார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். வாஞ்சிருவுக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திருளாயி அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சேவுகன் தையல்நாயகியின் பக்கம் திரும்பினான். அவர் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிறைவு விழா. முத்திருளாயிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் அவளை வரவழைத்திருந்தார்கள். மடிப்புக் கலையாத சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவள் படம். வாஞ்சிரு வரைந்தது. அடியில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில், ‘இந்த மண் எங்கள் தாய்’ என்ற வாக்கியம்.

முத்திருளாயி சேவுகனைக் கூப்பிட்டாள். “தம்பி, நான் சொன்னதத்தான் எழுதியிருக்காகளா?”

“ஆமாங்க.”

“என்னைக்குத் தொறந்து விடுவாகளாம்?”

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. மேடைக்குப் பின்னால் போனான். தையல்நாயகி தன் உரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“தெரியும்.”

“அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியலை. நான் என்ன செய்யணும்?”

அவர் காகிதங்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“இன்னொரு மைக் எடுத்துக்கிட்டு வாங்க. நான் தமிழ்ல பேசப் போறேன். நீங்க அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

இருவரும் மேடையேறினார்கள்.

“நேற்று இந்த அம்மா என்ன சொன்னார் என்பதை இப்போது சொல்கிறேன்” என்று தையல்நாயகி தொடங்கினார். முத்திருளாயி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வெறும் மணலாகக் கிடக்கும் ஓடையைச் சொன்னார். கருகிய நெல்லைச் சொன்னார். முன்வரிசையில் முத்திருளாயி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

சேவுகன் பின்னாலேயே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனான். வாஞ்சிரு தான் வரைந்த படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அந்த அணையின் திட்டம் என்னுடையது” என்றார் தையல்நாயகி.

“அந்த அணையின் திட்டம் எங்களுடையது” என்று சேவுகன் இங்கிலீஷில் சொன்னான்.

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். “எங்களுடையதுன்னு நான் சொல்லலையே.”

அவன் திருத்திச் சொன்னான்.

கைதட்டல் இல்லை. கல்லூரி முதல்வர் பாதியில் எழுந்து போய்விட்டார். மாணவர்கள் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் வெளியேறினார்கள். சேவுகன் இறங்கிவந்து முத்திருளாயியின் முன்னால் நின்றான்.

“மேடம் இன்னைக்குச் சொன்னதுதான் நீங்க சொன்னது. நேத்து நான் அதைச் சொல்லலைங்க. வேற என்னமோ சொல்லிட்டேன்.”

அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

“அப்ப நேத்துக் கைதட்டுனாகளே, அது எதுக்கு?”

“நான் சொன்ன பொய்க்கு.”

“நான் கும்பிட்டனே தம்பி.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி” என்றாள் முத்திருளாயி. “தண்ணிக்கு என்ன சொல்லுறாக?”

பின்னால் வந்துநின்ற தையல்நாயகி பதில் சொன்னார். “இப்பவே போறோம்மா. நீங்களும் வண்டியில ஏறுங்க.”

அணையின் நடுவில் மடை ஒன்று உண்டு. அதைக் கெட்டிப் பலகைகளால் அடைத்திருந்தார்கள். ஆள் தேடவில்லை. தையல்நாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். சேவுகனும் இறங்கினான். ஊறிப் பருத்த பலகைகள் லேசில் வரவில்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். முதல் பலகை பிடுங்கிக்கொண்டு வந்ததும் தண்ணீர் மடையில் பாய்ந்தது.

முத்திருளாயி ஓடைக்குள் தண்ணீருக்கு முன்னால் நடந்தாள். வழியில் கிடந்த முள்ளையும் செத்தையையும் ஒதுக்கிக்கொண்டே போனாள். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மறையும்வரை சேவுகன் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று முதல் அவனைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

“மேடம், நேத்து நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அந்தம்மா சொன்னதும் நான் சொன்னதும் உங்க காதுல விழுந்தது. அப்பவே என்னைத் திருத்தியிருக்கலாமே?”

தையல்நாயகி அடுத்த பலகையின் முனையைத் தேடித் தண்ணீருக்குள் கைவிட்டார்.

“நீங்க சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது, சேவுகன்.”