கனவில் தோப்புக்கரணம் போட்ட அரசன்

நெடுங்காலத்துக்கு முன்னால் குன்றவள நாட்டைப் பரிதிமாறன் என்றொரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் பகல் தூக்கம் கெட்டால் அவனை நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

மதியம் உண்டு கண்ணயர்ந்தால் அவனுக்குக் கனவு வரும். இறந்துபோன அரசி ஊஞ்சலில் உட்கார்ந்து பேச வாயெடுப்பாள். "ஐயோ, இது கனவாயிற்றே!" என்று கனவுக்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மாத்திரத்தில் கனவு கலைந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, இவ்வளவு பெரிய அரசன், குழந்தை மாதிரி தேம்புவான்.

அவையில் சகுனம் பார்த்துச் சொல்லும் விருபாட்சர் என்றொருவர் இருந்தார். அமைச்சர் திருவெண்காடரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அரசனிடம் நெருங்க இதுதான் சமயம் என்று பார்த்தார்.

"மன்னா, கனவு என்று தெரிந்ததும் உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும். கனவு கலையாமல் நின்றுவிடும். என் வாக்குப் பொய்க்காது" என்றார்.

அரசன் தேய்த்தான். கனவு நின்றது! அரசி பேசினாள், இவனும் பேசினான். அன்று முதல் விருபாட்சர் தரையில் நடப்பதை மறந்துவிட்டார் என்று வையுங்கள்.

ஒரு நாள் உண்டு முடித்த அரசன், வெற்றிலை மடித்துக் கொடுக்கும் சடைச்சியிடம் இந்த வித்தையைப் பெருமையாகச் சொன்னான். அவள் வெள்ளந்தி. மனசில் பட்டதைச் சொல்லிவிட்டாள்.

"அப்படியா சாமி? எனக்கும் சில நேரம் கனவுன்னு தெரியும். ஆனா கையைத் தேய்ச்சா எனக்குப் பட்டுன்னு முழிப்பு வந்துடுமே!"

அரசன் சிரித்துக்கொண்டே படுத்தான். கனவில் அரசி வந்தாள். அவன் கையைத் தேய்க்கப் போனான். 'சடைச்சிக்கு முழிப்பு வந்துவிடுமாமே' என்ற நினைப்பு வந்தது. அவ்வளவுதான், கண் திறந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. அரசன் அவைக்கு வந்து நடந்ததைச் சொன்னான்.

"அவள் நாக்கு கருநாக்கு, மன்னா! அதை அறுத்தால்தான் வித்தை மறுபடி பலிக்கும்" என்றார் விருபாட்சர்.

"அறுத்துவிடுங்கள்!" என்றான் அரசன்.

அவை விக்கித்துப்போனது. ஒரு வார்த்தை சொன்னதற்கு நாக்கா? சடைச்சி அழக்கூட இல்லை. வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றாள். காவலர்கள் இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தார்கள்.

திருவெண்காடர் எழுந்தார். "அரசே, அறுப்பதற்கு என்ன அவசரம்? நாளை மாலை அறுக்கலாம். அதற்குள் தாங்கள் என் குலமுறை ஒன்றைச் செய்து பாருங்கள். கனவு என்று தெரிந்ததும் இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போடுங்கள். எங்கள் முன்னோர் யாருக்கும் கனவு கலைந்ததே இல்லை."

"முடிசூடிய மன்னர் தோப்புக்கரணமா!" என்று விருபாட்சர் துள்ளினார்.

"கனவில்தானே ஐயா! அங்கே உம்மைப் போல யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் அமைச்சர்.

மறுநாள் மதியம் அரசன் கனவில் மகுடத்தோடு காதைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். ஊஞ்சலில் இருந்த அரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இளைத்துவிட்டீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்" என்றாள். இருவரும் ஆற அமரப் பேசினார்கள். அரசன் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"பலித்தது அமைச்சரே! என்ன வேண்டும், கேளும்!" என்று அவைக்கு ஓடிவந்தான்.

"முதலில் என்னை மன்னிக்க வேண்டும். அது குலமுறையும் இல்லை, ஒன்றும் இல்லை. நேற்று இங்கே நின்றபோது வாயில் வந்ததைச் சொன்னேன்."

அரசன் பிடித்துவைத்தாற்போல் நின்றுவிட்டான்.

"மன்னரிடமே பொய்! இவர் நாக்கையும் அறுக்க வேண்டும்!" என்று கத்தினார் விருபாட்சர்.

"அறுக்கட்டும்" என்றார் திருவெண்காடர் அமைதியாக. "நான் உண்மையைச் சொல்லிவிட்டதால் நாளைக்குத் தோப்புக்கரணமும் பலிக்காமல் போகலாம். ஆனால் அரசே, விருபாட்சர் சொன்னார், கனவு நின்றது. சடைச்சி சொன்னாள், கலைந்தது. நான் சொன்னேன், மறுபடி நின்றது. நாக்கு மூன்று. நம்பிய மனம் தங்களுடையது ஒன்றுதான். குற்றம் அந்த மனத்தில் நடந்திருக்க, தண்டனை நாக்குக்கா?"

அரசன் மெல்லத் திரும்பினான். "விருபாட்சரே, நீர் கனவில் கையைத் தேய்த்திருக்கிறீரா?"

விருபாட்சர் இரண்டடி பின்வாங்கினார். "மன்னா... அடியேனுக்குக் கனவே வராது. படுத்தால் விடிந்த பிறகுதான் தெரியும்."

அரசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கனவே காணாதவன் பேச்சைக் கேட்டா ஒரு பெண்ணின் நாக்கை அறுக்கச் சொன்னேன்! உடனே சடைச்சியை அழைத்துவரச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். சடைச்சி வந்து நின்றதும், "விருபாட்சரே, சகுனம் பார்த்தது போதும். இனி வெற்றிலைப் பெட்டியைச் சுமந்துகொண்டு இவள் பின்னால் நடவும்" என்றான். அவை கொல்லென்று சிரித்தது.

சடைச்சி மட்டும் சிரிக்கவில்லை. அரசன் படியிறங்கி அவள் முன்னால் வந்தான்.

"ரொம்பப் பயந்துவிட்டாயா, சடைச்சி?"

"இல்லை சாமி. நம்ம ராசா இப்படியெல்லாம் சொல்ல மாட்டாரு, இது கனவுதான்னு நினைச்சேன். இப்போ கலைஞ்சிடும், இப்போ கலைஞ்சிடும்னு ராத்திரி பூரா பார்த்துக்கிட்டே இருந்தேன். கலையவே இல்லை சாமி."

அரசன் தலையைக் குனிந்தபடி அவள் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஒருவர் சொன்ன சொல்லுக்காக யாரும் நாக்கை இழக்கவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.