கம்பத்தில் இருக்கிறவர்

"மேல வெயில் கொளுத்துது. மாடியில சோலார் தகடு இருக்கு. என் வீட்ல மட்டும் கரண்ட் இல்ல. இது என்ன நியாயம் அம்மா?"

தணிகாசலம் வாசலில் நின்றபடியே கேட்டார். சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

பூரணியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். தினமும் காலையில் சிலர் பூரணியம்மா எதிரில் வந்து உட்கார்ந்து தியானம் பழகினார்கள். தணிகாசலம் அவர்களில் ஒருவர்.

அன்று காலை அவர் வரவில்லை. உச்சிவேளையில் வந்திருந்தார்.

"உள்ள வாங்க."

"நேரமில்ல. மீனெல்லாம் செத்துக்கிட்டிருக்கு."

வண்ண மீன் வளர்ப்புதான் அவர் பிழைப்பு. வீட்டின் பின்கட்டு முழுக்கத் தொட்டிகள். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்த ஒரு மோட்டார் ஓயாமல் ஓட வேண்டும். அது நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு மூடாது.

அதற்காகத்தான் சோலார் வைத்தார். ஆள் வைக்கவில்லை. தானே சட்டம் அடித்தார், தானே ஒயர் இழுத்தார், தானே முடுக்கினார்.

முந்தின நாள் புயலில் தெருக் கம்பி அறுந்தது. அதோடு சோலாரும் நின்றுவிட்டது.

"அது ஏன் நின்னுது?" என்று கேட்டார் பூரணியம்மா.

"இந்த இன்வெர்ட்டர் அப்படித்தான். தெருவுல கரண்ட் போனா தானா அணைஞ்சுடும். விக்கும்போதே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"அணைய விடாம ஓட்ட ஒரு வழி இருக்கு. ஒயரெல்லாம் மாத்திட்டேன். சுவிட்சைப் போடறதுதான் பாக்கி."

"போட்டுட வேண்டியதுதானே?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"மெயின் சுவிட்சை இறக்கிட்டுப் போடணும். அது துருப்பிடிச்சுக் கிடக்கு. அடிச்சுப் பார்த்துட்டேன், அசையல."

"இறக்காம போட்டா?"

"வீட்ல ஓடற கரண்ட் கொஞ்சம் தெருக் கம்பிக்கும் போகும்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "கொஞ்ச நேரம்தான். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்."

பூரணியம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வழியில் தெருமுனைக் கம்பத்தில் ஒருவர் ஏறி அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் மோட்டார் சத்தம் இல்லை. தொட்டிகளில் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் நெருக்கியடித்து நின்றன. எல்லா வாய்களும் திறந்து மூடின. தணிகாசலத்தின் மனைவி ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தொட்டியில் ஊற்றி முடிப்பதற்குள் அடுத்த தொட்டியில் ஒன்று மல்லாந்தது.

பூரணியம்மா வெகுநேரம் பார்த்தார்.

"போடட்டுமா அம்மா?"

"போடுங்க."

தணிகாசலம் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"கம்பத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து போடுங்க."

அவர் நின்றார்.

"என்னன்னு சொல்ல?"

"என்கிட்ட சொன்னதைத்தான்."

தெருமுனையில் லைன்மேன் கம்பத்தின் உச்சியில் இருந்தார். இடுப்பைக் கயிற்றால் கம்பத்தோடு கட்டியிருந்தார். கையுறைகள் நனைந்து போய் இடுப்பில் தொங்கின. வெறும் கையால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி."

"சொல்லுங்க சார்."

"இன்னும் நேரமாகுமா?"

"ஆகும் சார். நேத்துலேருந்து இது எத்தனாவது கம்பம்னே தெரியல."

"உங்க பேரு என்ன?"

"மாசிலாமணி. எதுக்கு, புகார் எழுதவா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்." கம்பத்தை ஒட்டி வந்து நின்றார். "கம்பியில திடீர்னு கரண்ட் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

மாசிலாமணி சிரித்தார். ஒரு கையை எடுத்துச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"டிரான்ஸ்பார்மர்லேருந்து ஃப்யூஸைப் பிடுங்கி இதோ பையிலயே வெச்சிருக்கேன். அப்புறம் கரண்ட் எங்கேருந்து சார் வரும்?"

தணிகாசலம் அந்தச் சட்டைப்பையையே பார்த்தார்.

"வேற ஏதாவது கேக்கணுமா சார்?"

"இல்ல. நீங்க பாருங்க."

அவர் திரும்பி வந்தபோது பூரணியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தொட்டியின் அருகில் நின்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னீங்களா?"

"வாய் வரல."

பூரணியம்மா மறுபடி மொண்டார்.

தணிகாசலம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மாற்றிய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு திருகு கீழே உருண்டு ஓடியது. அதைத் தேடவில்லை. கழற்றிய ஒயரைச் சுருட்டி மாடியிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டார்.

மூவரும் மொண்டு ஊற்றினார்கள். கை வலித்தால் மறுகைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஏஞ்சல் மீன் தொட்டி முதலில் போனது. பல வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஜோடிகள். தணிகாசலம் அவற்றை வலையில் அள்ளி ஒரு வாளியில் போட்டு மூடினார். மூடியின் மேல் சிறிது நேரம் கையை வைத்திருந்தார். பிறகு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் மோட்டார் உறுமியது.

எல்லாத் தொட்டிகளிலும் குமிழிகள் ஒரே நேரத்தில் கிளம்பின. மேலே நின்ற மீன்கள் மெல்லக் கலைந்து கீழே இறங்கின.

"வந்துருச்சுங்க," என்றார் மனைவி.

தணிகாசலம் தொட்டிகளைப் பார்க்கவில்லை. குவளையைக் கீழே போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

மாசிலாமணி கம்பத்தடியில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், உங்க வீட்ல கரண்ட் வரலியா?"

தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது.

"வந்துருச்சு."

"பின்ன எதுக்கு இப்படி ஓடி வரீங்க?"

"நீங்க இறங்கிட்டீங்களான்னு பாக்கத்தான்."