வெட்டுப்பாறை வளைவு

சுருளிநாதனுக்கு ஒரு குரு கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தாறு.

செங்கரடு ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று பல வருஷம் ஆகியிருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச காலம் அந்தத் தடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பிறகு அரசாங்கம் புதரை வெட்டி, சரளை கொட்டி இறுக்கி, ஆனைப்பள்ளம் வரைக்கும் சைக்கிள் பாதை ஆக்கியது. லீவு நாளில் வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சுருளிநாதன் பழைய ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள் கடை போட்டார்.

மெய்யம்மையும் அப்படி ஒரு நாள் சைக்கிள் எடுக்க வந்தவர்தான். திருப்பி விடும்போது சொன்னார்.

"பிரேக்கெல்லாம் நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் தூக்கம் இல்ல போலிருக்கு."

மனைவி இறந்ததிலிருந்து சுருளிநாதன் சரியாகத் தூங்கவில்லை. அதை யாரிடமும் அவர் சொன்னதும் இல்லை. அந்தப் பெண் பாதையோரத்தில், பழைய கேட்கீப்பர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு மறுநாள் சாயங்காலம் போனார். அங்கே மெய்யம்மையைச் சுற்றி நாலைந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். அன்றிலிருந்து சுருளிநாதனுக்கு மெய்யம்மை 'அம்மா'. மெய்யம்மை அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

சுருளிநாதனுக்கு ஓர் அண்ணன். ராசுக்காளை. அப்பா செத்த பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் காடு பாதைக்கு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். தாத்தா காலத்தில் ரயிலுக்கென்று நடுவில் பிளந்து எடுத்த நிலம் அது. தண்டவாளம் போனதும் நிலம் திரும்பி வந்துவிட்டதாகவே ராசுக்காளை நினைத்தார். சரளையை அள்ளிக் கொட்டிவிட்டு உழுது கடலை போட்டார். கடலை பூத்து நிற்கும்போது மண் தள்ளுகிற வண்டி வந்து மட்டம் பண்ணிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு, அந்தப் பாதையால் பிழைக்கிற தம்பி வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. போன மாசம், பந்தயம் விட்டுக்கொண்டு வந்த சில பையன்கள் அவருடைய சினை ஆட்டை இடித்துக் காலை ஒடித்துவிட்டார்கள். நின்று பார்க்காமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து நின்றார். சுருளிநாதன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு நம்ம அம்மா மேல சத்தியம் பண்ணு."

ஏதோ நோய் என்று சுருளிநாதன் பயந்துபோனார். அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"நாளைக்கு வெட்டுப்பாறைக்குள்ள கம்பி கட்டப்போறேன். வளைவு தாண்டினதும். கழுத்து உயரத்துக்கு."

"அண்ணே, என்ன பேச்சு இது?"

"ஒருத்தன் விழுந்தாப் போதும், பாதையை மூடிருவாங்க. நீ அந்தப் பக்கம் வராத. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அண்ணே..."

"சத்தியம் பண்ணியிருக்க."

போய்விட்டார்.

மறுநாள் சுருளிநாதன் கடையைத் திறக்கவில்லை. வந்தவர்களிடம் ரிப்பேர் வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கோபத்தில் சொன்னதுதான், செய்யமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

கடை வாசலில் உட்கார முடியவில்லை. தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்கீப்பர் வீட்டுக்குப் போனார்.

மெய்யம்மை வாசலில் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"பெத்த தாய் மேல சத்தியம் பண்ணிட்டா, அதை மீறலாமா?"

மெய்யம்மை பம்ப்பை அழுத்திக்கொண்டே கேட்டார். "என்ன சத்தியம்?"

"ஒரு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு."

"நல்ல விஷயமா?"

"அதைச் சொன்னா சத்தியம் போயிரும்."

மெய்யம்மை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மூடியைத் திருகினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கடை திறக்கலையா?"

"ரிப்பேர் வேலை இருக்கு."

மெய்யம்மை அவர் கைகளைப் பார்த்தார். ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. பம்ப்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதைக்கு வந்தார்.

"ஆனைப்பள்ளம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

சுருளிநாதன் பின்னாலேயே வந்தார். "இன்னைக்கு வேண்டாம்மா."

"ஏன்?"

வாயைத் திறந்தார். பெற்ற அம்மாவின் முகம் வந்து நின்றது. பல் போன வாயோடு சிரிக்கிற முகம்.

"வெயிலா இருக்கும்."

வானம் மூட்டமாகத்தான் இருந்தது. மெய்யம்மை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறி மிதித்தார்.

சுருளிநாதனும் ஏறினார்.

ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் அந்தப் பாதையில் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கேட்கீப்பர் வீட்டிலிருந்து வெட்டுப்பாறை வரைக்கும் இறக்கம். மிதிக்காமலே சைக்கிள் போகும். மெய்யம்மை நிதானமாக மிதித்துக்கொண்டு போனார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. சங்கிலி கழண்ட மாதிரி இருக்கு."

மெய்யம்மை நிற்கவில்லை. "சங்கிலி சத்தம் சரியாத்தான் கேக்குது ஐயா."

கற்பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டிவிட்டால் பிறகு வெட்டுப்பாறைதான். குன்றை ரயிலுக்காக வெட்டிப் பிளந்த இடம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பாறை. நடுவே பாதை இடதுபக்கம் வளைந்து போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.

கட்டியிருக்கமாட்டார் என்று சுருளிநாதன் நினைத்தார். அடுத்த மிதியில், அண்ணன் சொன்னதைச் செய்யாமல் விட்டது எப்போது என்று நினைத்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் சத்தியம் போய்விடும்.

மெய்யம்மையின் வேகம் கூடியது.

அப்போது சுருளிநாதனுக்கு ஒரு வழி தோன்றியது. சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? முன்னால் போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லையே. அவர் சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தார். முழங்கால் வலித்தது. மெய்யம்மையின் பின்சக்கரத்தைப் பிடித்தார், பிறகு பக்கத்தில் வந்தார், பிறகு தாண்டினார்.

வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து வழியை மறித்து நின்றுவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் சரளை நொறுங்கும் சத்தம் வலதுபக்கம் கேட்டது. மெய்யம்மை விடவில்லை. வலதுபக்கமாக ஏறி வந்துகொண்டிருந்தார். இப்போது பிரேக் பிடித்தால் அவர் தாண்டிப் போய்விடுவார். வளைவுக்குள் முதல் ஆளாகப் போய்விடுவார்.

சுருளிநாதன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தார்.

பாறை இரண்டு பக்கமும் உயர்ந்தது. காற்று குளிர்ந்தது. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். எவ்வளவு குனிவது என்று தெரியவில்லை. சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்பியது. கண் கம்பியைத் தேடியது. பாதை தெரிந்தது, பாறை தெரிந்தது. கம்பி தெரியவில்லை.

"சுருளி, படுடா! கீழ படு!"

பாறைக்கு மேலிருந்து வந்த குரல். சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து கூப்பிட்ட அதே குரல். யோசிக்கவில்லை. அந்தக் குரலுக்கு உடம்பு தானாகவே பணிந்தது. சைக்கிளைச் சரித்து விழுந்தார். சரளையில் முழங்கையும் தொடையும் உரசிக்கொண்டே போயின. சைக்கிள் தனியாக வழுக்கிப் போய்ப் பாறையில் முட்டி நின்றது.

மல்லாந்து கிடந்தபோதுதான் கம்பியைப் பார்த்தார். அவருக்கு நேர் மேலே, சாம்பல் நிற வானத்தில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி இருந்தது. ஒரு முனை பழைய தந்திக் கம்பத்தில், மறுமுனை பாறை இடுக்கில் முளைத்த அரசமரத்தில்.

ராசுக்காளை பாறையிலிருந்து சறுக்கி இறங்கி வந்தார். வேட்டி கிழிந்திருந்தது. தம்பியின் கழுத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார்.

"வராதன்னு சொன்னேன்ல. வராதன்னு சொன்னேன்லடா."

சுருளிநாதன் எழுந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தார். மெய்யம்மை வளைவிலேயே ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக வந்து, கம்பிக்கு முன்னால் நின்று, அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கம்பி அதிர்ந்தது.

"அம்மா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது. வளைவுகிட்ட வந்ததும் உங்க முதுகு குனியறதைப் பார்த்தேன். நின்னுட்டேன்."

ராசுக்காளை மெய்யம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. தந்திக் கம்பத்துக்குப் போய்க் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார். முறுக்கிக் கட்டிய கட்டு. கம்பி முனை உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. துடைக்காமல் அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"இவனுக்குன்னு கட்டலம்மா" என்றார்.

"யாருக்குன்னு கட்டினீங்க?"

ராசுக்காளை யோசித்தார். உண்மையாகவே ஒரு முகத்தைத் தேடினார் போலிருந்தது.

"யாருக்குன்னும் இல்ல."

மெய்யம்மை தலையசைத்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து சுருளிநாதனின் முழங்கையில் ஒட்டியிருந்த சரளைத் தூளைக் கழுவிவிட்டார். எரிந்தது. ஆனால் சுருளிநாதனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசாகி இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து இறுகிக் கிடந்தது தளர்ந்திருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அம்மா, நான் கேட்ட கேள்விக்கு நானே பதிலைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"சொல்லுங்க."

"சத்தியத்தை நான் மீறல. ஒரு வார்த்தை சொல்லல. அதுக்காக யாரையும் சாகவும் விடல. கடையை மூடினேன், யாருக்கும் சைக்கிள் தரல. நீங்க கிளம்பினீங்க, உங்களுக்கு முன்னால நான் போனேன். என் கழுத்தைத்தான் கொடுத்தேன். ரெண்டையும் காப்பாத்தியாச்சு."

மெய்யம்மை பாட்டிலை மூடினார்.

ராசுக்காளை அரசமரத்தில் கட்டிய முனையையும் அவிழ்த்துவிட்டார். கம்பியைக் கையில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது ஆனைப்பள்ளத்துப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் வந்தது. கணவன் மிதித்துக்கொண்டு வந்தான். ஹேண்டிலில் கட்டிய சின்ன சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. பின்னால் இன்னொரு சைக்கிளில் மனைவி. மூன்று பேரும் ஏதோ பாட்டைப் பாதி பாதியாகப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

இவர்களைப் பார்த்ததும் கணவன் வேகத்தைக் குறைத்தான்.

"பெரியவரே, விழுந்துட்டீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"இல்ல தம்பி. சிராய்ப்புதான்."

"செங்கரடு ஸ்டேஷன் இன்னும் ரொம்ப தூரமா?"

ராசுக்காளைதான் பதில் சொன்னார். கம்பிச் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"நேராப் போப்பா. பாலம் வரும். பார்த்துப் போ."

குழந்தை சுருளிநாதனைப் பார்த்துக் கையை ஆட்டியது. அதன் தலை தந்திக் கம்பத்தைத் தாண்டிப் போனது. பிறகு அம்மாக்காரியின் தலை. வளைவில் திரும்பினார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. பாறைக்குள் கொஞ்ச நேரம் எதிரொலித்து, தேய்ந்து, நின்றுபோனது.

மெய்யம்மை அவர்கள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுருளிநாதன் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"இவங்களுக்கு முன்னால யார் போனது, ஐயா?"