உளுந்தளவு படங்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்துநான்கு. வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் பூங்கோதை. பொள்ளாச்சியில் மாட்டுச்சந்தைக்குப் போகிற வழியில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தாள். பழைய வீடியோ கேசட், பிலிம் சுருள் எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றித் தருவாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதையும் பாதிதான் சொல்வாள். ஊரில் அவளுக்குத் திமிர் என்று பேச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை மாரப்பன் படியேறி வந்தார். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்தால் உள்ளே துணியில் சுற்றிய சின்னப் பிலிம் சுருள். சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லாத பிலிம்.

"எம்பையன் எடுத்ததுங்க அம்மிணி. பேரு நவநீதன். சென்னையில சினிமாப் படிப்புப் படிச்சான். ஆறு வருசத்துக்கு முன்னால பைக்குல போறப்ப லாரி அடிச்சுப் போயிட்டான். இதக் கழுவக் குடுத்திருந்தானாம். அவனோட சிநேகிதன் போன மாசந்தான் தேடிக் கொண்டாந்து குடுத்தான்."

"பாத்தீங்களா?"

"எங்கீங்க பாக்கறது? வெளிச்சத்துல புடிச்சா ஒரே செம்மண்ணாட்டம் தெரியுது."

"நெகட்டிவ்ங்க. கருப்பு வெள்ளையா இருக்கும், வெள்ளை கருப்பா இருக்கும். வெச்சுட்டுப் போங்க. ஒரு மாசம் ஆகும்."

மாரப்பன் டிபன் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத உட்டுட்டுப் போக எனக்கு மனசு வராதுங்க. செத்துப்போறதுக்கு முன்னால எட்டு மாசம் அவன் எங்கிட்டப் பேசல. 'உங்கப்பன் கம்பத்துல தொங்கிச் சம்பாரிச்சத நீ ரீலுல சுத்தறயா'ன்னு கேட்டுப்போட்டேன். பொங்கலுக்கு வந்து மூணு நாள் இருந்தான், மூஞ்சி குடுத்துப் பேசல. எம்மேல கோவத்தோடயே போயிட்டானா என்னன்னு எனக்குத் தெரியோணும். இதுல ஏதாச்சும் இருக்கும்."

பூங்கோதை ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அப்ப நீங்களே பண்ணுங்க. சொல்லித் தாரேன்."

மறுநாள் அவர் ஒரு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மச்சான் வீட்டுப் பரணில் கிடந்ததாம். சுவரில் ஓட்டி, போனில் படம் பிடித்துக்கொண்டால் அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்று அவருக்குக் கணக்கு. வயசானாலும் அவசரம் போகிறதா, பாருங்கள்.

பூங்கோதை வேண்டாத பிலிம் துண்டு ஒன்றை எடுத்து அந்த மெஷினில் ஒரே ஒரு முறை ஓட்டினாள். பிறகு அதை லென்சுக்கு அடியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். துண்டின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்திருந்தது.

"இதென்னுங்க?"

"இந்த மெஷினோட பல்லு. ஒருக்காப் பாத்தாப் போதும்னா ஓட்டுங்க."

மாரப்பன் புரொஜெக்டரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் சொல்லிக்கொடுத்த வழி ஏழைக்கு ஏற்ற வழி. கடை போர்டுக்குப் போடுகிற வெள்ளை பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால் ஒரு எல்.ஈ.டி விளக்கு. அதன் முன்னால் பிலிம் நகர ஒரு பள்ளம். எதிரே கிட்டத்தில் பார்க்கிற லென்ஸ் மாட்டிய பழைய ஸ்டில் கேமரா. கையால் ஒரு படம் நகர்த்த வேண்டும், தூசியை ஊத வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும். ஒவ்வொரு படமும் ஒரு உளுந்தளவு. சுருள் ஓடுவது இரண்டரை நிமிஷம்தான், ஆனால் படங்கள் மூவாயிரத்து அறுநூறு.

"அத்தனையுமா?" என்றார் மாரப்பன்.

"அத்தனையும்."

"ஒரு தும்பு இருந்தா என்னுங்க ஆகும்?"

"நெகட்டிவ்ல தும்பு, திருப்புனா வெள்ளைப் புள்ளியா நிக்கும். உங்க பையன் மூஞ்சியில நின்னாப் பரவால்லீங்களா?"

அவர் ஊதிவிட்டுத்தான் அழுத்தினார்.

ஒரு நாளைக்கு முந்நூறு படம் முடிந்தது. முதல் நாள் ஒரு ரயில் ஜன்னல், அடுத்த நாள் ஒரு நாய். மூன்றாம் நாள் ஒரு ரோடு, அதில் ஒரு கரண்டுக் கம்பம், அதன்மேல் ஓர் ஆள். நெகட்டிவில் வானம் இருண்டு கிடந்தது, ஆள் வெளுத்துப்போய்த் தெரிந்தான்.

நான்காம் நாளும் அதே ஆள்தான். ஐந்தாம் நாளும் அவனேதான்.

"யாரோ புதுசாச் சேந்த பையனாட்ட இருக்குதுங்க. தலைமுடியப் பாருங்க, கருகருன்னு. கம்பத்துல கட்டற பெல்ட்டக்கூட ஒழுங்காப் போடல. என்ற கீழ வேலை செஞ்சிருந்தா அன்னைக்கே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். நெகட்டிவைப் படித்துப் படித்துப் பழகிய கண் அவளுடையது. தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

எட்டாம் நாள் மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இன்னும் அந்த ஆளேதான் கம்பத்துல உக்காந்திருக்கான். காலேஜுல ஒரு பையனுக்கு ஒரு சுருள்தான் குடுப்பாங்களாம். அத எவனோ ஒருத்தனுக்குக் கொட்டி வெச்சிருக்கான் எம்பையன். வீட்டுல பெத்தவன் ஒருத்தன் இருக்கறது கண்ணுக்குத் தெரியல."

உண்மையில் அவருக்குப் பொறாமை. அறுபத்துநான்கு வயதில், முகம் தெரியாத ஒருவன்மேல் பொறாமை.

"இவனத் தாண்டி அடுத்ததுக்குப் போயிரலாமுங்களா? கடைசியில ஏதாச்சும் இருக்கும்."

பூங்கோதை மேஜை டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வேண்டாதத வெட்டிப் போட்டிருங்க. சீக்கிரம் முடிஞ்சிரும்."

மாரப்பன் கத்தரிக்கோலைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார். கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. கத்தரிக்கோலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு படம் நகர்த்தி, ஊதி, பட்டனை அழுத்தினார்.

பத்தாம் நாள் அந்த ஆள் கம்பத்திலிருந்து இறங்கினான். அதற்குப் பிறகு ஹாஸ்டல் வராந்தா, துணி காயும் கொடி, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சுருள் தீர்ந்தது.

பூங்கோதை எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் வரிசையாகக் கோத்தாள். ஒரு கட்டளையில் கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் மாறின. முதலில் எல்லாம் நீலம் பூத்துக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தை இறக்கினாள். காக்கி காக்கியானது, மரம் பச்சையானது.

"இப்ப ஓட்டுங்க" என்றாள்.

ரயில் ஜன்னல் வந்தது, நாய் வந்தது. பிறகு கம்பத்தின்மேல் நரைத்த தலையோடு ஒரு கறுத்த மனிதர், வாயில் ஒரு துண்டுக் கம்பியைக் கவ்விக்கொண்டு, கீழே ஒருவன் நிற்பதே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

மாரப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"நானுங்க" என்றார். பிறகு, "பெல்ட்டுப் போடாத நாய் நாந்தானுங்களா" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் உட்கார மறந்துபோனார்.

திரையில் அந்த மனிதர் இறங்குகிற வரைக்கும் நின்றபடியே பார்த்தார். ஒன்றரை நிமிஷம் அது ஓடியது.

"அம்மிணி, உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லியிருந்தா எம்பேச்சக் கேட்டுட்டுப் போயிருப்பீங்க, படத்தப் பாத்திருக்க மாட்டீங்க."

மாரப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாளாக மனசில் உறுத்தியதை இப்போது கேட்டார்.

"கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசாதவன், ரோட்டுல தூர நின்னு எடுத்திருக்கான். கோவத்துல எடுத்தானா, இல்லீனா பாசத்துல எடுத்தானா? இதுல எப்படீங்க தெரிஞ்சுக்கறது?"

பூங்கோதை அலமாரியிலிருந்து, இந்தச் சின்னப் பிலிமைப் போட்டுப் படமெடுக்கிற பழைய கேமரா ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் விசையில் வைத்தாள். அழுத்தினார். கேமரா கரகரவென்று ஓடியது. விரலை எடுத்தார். நின்றுவிட்டது.

"அமுக்கிப் புடிச்சாத்தானுங்கய்யா இது ஓடும். விரலெடுத்தா அந்த நிமிசமே நின்னுரும்" என்றாள். "நீங்க கீழ எறங்கற வரைக்கும் உங்க பையன் விரல எடுக்கலீங்க."