கருவாட்டுக் களத்துத் தண்டோரா

சத்தியம், சத்தியம், மூன்றாம் தரமும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் இந்த நாக்கு இப்போதே உப்புக்கண்டமாகக் காய்ந்து போகட்டும். நம்பினாலும் கேளுங்கள், நம்பாவிட்டாலும் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் அலைமேட்டு நாட்டைப் பரிமளவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். வாசனை என்றால் அவனுக்கு உயிர். அவனுடைய யானை லத்தியில்கூடப் புனுகு மணக்கும். சட்டம் போடுவதில் மட்டும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இருப்பான். ஒருநாள் தலைமுடிக்கு அகில் புகை காட்டிக்கொண்டே ஒரு சட்டம் போட்டான். ஒரு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமானால் தண்டோரா போட்டு, போட்ட இடத்திலேயே ஊர்க்கேள்வி நடத்த வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். பொழுது சாய்வதற்குள் யாரும் வராவிட்டால் ஊருக்குச் சம்மதம். தண்டோராவை எங்கே போடுவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான். புகை கண்ணை மறைத்திருக்கும்.

அவன் சபையில் விருதராயர் என்று ஒரு பிரதானி. கடலோரத்தில் காத்தாயியும் அவள் கூட்டத்துப் பெண்களும் கருவாடு காயப்போடும் களத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அவ்வளவு நல்ல காற்று மீன்காரிகளுக்கு எதற்கு, நமக்கு ஒரு கோடை மாளிகைக்கு ஆகுமே என்று வயிறு எரிந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் காத்தாயி சந்தை முடிந்து காலிக் கூடையோடு வந்து பார்த்தால், களத்தைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறது. பாயெல்லாம் சுருட்டி வெளியே எறிந்திருக்கிறது. களம் இல்லையென்றால் பிடித்த மீன் பிடித்தபடி அழுகும். அந்தக் கரையில் ஒரு வீட்டிலும் உலை ஏறாது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே அரசவைக்கு நடந்தாள்.

எங்கள் காதில் விழாமல் தண்டோராவை எங்கே போட்டீர்கள் என்று கேட்டாள். விருதராயர் மீசையைத் தடவிக்கொண்டு, மேற்கே தாழங்காட்டில் போட்டதாகவும், பொழுது சாயும்வரை காத்திருந்ததாகவும், வந்தவை இரண்டு நரிகள்தான், அவையும் ஆட்சேபம் சொல்லாமல் போய்விட்டன என்றும் சொன்னார். சபையே குலுங்கியது. ராஜா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"சட்டத்தில் இடம் சொல்லவில்லையே அம்மா. ராயர் கெட்டிக்காரர்."

"அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களா மகாராசா? எனக்குமா?"

"உனக்கும்தான், எனக்கும்தான். கிளம்பு, சபையில் மீன் வாடை அடிக்கிறது."

காத்தாயி கிளம்பினாள். ஆனால் அழவில்லை. அரண்மனை மதிலுக்கு வெளியே ராஜாவின் குதிரைகளைப் பழக்கும் பொட்டல் ஒன்று இருந்தது. அங்கே நின்று முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காற்று நேரே ராஜாவின் படுக்கையறைச் சாளரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. போதும் என்று வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலை கடற்கரையில் தண்டோரா முழங்கியது. அரண்மனைப் பொட்டல் இனிமேல் குதிரைக்கு அல்ல, கருவாட்டுக்கு, ஆட்சேபம் உண்டா என்று. அலைதான் பதில் சொன்னது. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆட்சேபமும் வரவில்லை.

அதற்கடுத்த காலை என்ன ஆயிற்று தெரியுமா? சுறாவும் திருக்கையும் பொட்டலில் வெயில் காய, அரண்மனையில் இருந்த அகில் புகை பயந்து புகைபோக்கி வழியாக ஓடிவிட்டது. பட்டத்து யானை தும்மிய தும்மலில் கொடிமரம் வளைந்தது. ஏழு நாட்டுப் பூனைகளும் எல்லை தாண்டி வந்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தன. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தான். பின்னாலேயே விருதராயர், இவளைப் பிடித்துக் கட்டுங்கள் என்று கத்திக்கொண்டு.

காத்தாயி ஒரு சுறாவைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்டோரா போட்டேன் மகாராசா, கடற்கரையில. உங்களுக்காகத்தான் அத்தனை நேரம் காத்திருந்தோம். நீங்கதான் வரல."

"விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா?"

"நாங்க சந்தையில இருப்போம்னு ராயருக்கும்தான் தெரியும்."

ராஜா மூக்கை இன்னும் இறுக்கிப் பொத்தினான். அந்தச் சமயம் பார்த்து விருதராயர் அவன் காதில் ஒரு யோசனை சொன்னார். தண்டோராவை உங்கள் படுக்கையறைக்குள்ளேயே போட்டுவிடலாம் பிரபு, யாருக்கும் கேட்காது, சாயங்காலத்துக்குள் இது மறுபடியும் குதிரைப் பொட்டல் ஆகிவிடும் என்று. ராஜாவின் முகம் மலர்ந்தது. மீன் விற்கிற காதுக்கு எது தப்பும்?

"தாராளமாப் போடுங்க மகாராசா," என்றாள் காத்தாயி. "நாளைக்கு நான் தோணியில ஏறி நடுக்கடல்ல ஒண்ணு போடுறேன். உங்க சிம்மாசன மண்டபத்துக்கு. மீனை உப்புல ஊறவைக்க நிழல் வேணும்ல."

ராஜா தன் சிம்மாசனத்தையும் அதன்மேல் ஒரு உப்புத் தொட்டியையும் மனசுக்குள் பார்த்தான். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க வாயைத் திறந்ததில் காற்று உள்ளே போய்த் தும்மினான்.

"ஓய் ராயரே, இந்தச் சட்டத்தில் உமக்கு இடம் கிடைத்தது, எனக்கு உட்கார இடம் போகப் பார்த்தது."

அங்கேயே சட்டம் மாறியது. இனி எந்த நிலமோ அந்த நிலத்திலேயே, அதில் பிழைப்பவர்கள் இருக்கும் நேரத்தில் தண்டோராவும் ஊர்க்கேள்வியும். களத்துக்கு ராயர் வாங்கிய அனுமதியும் செல்லாது, பொட்டலுக்குக் காத்தாயி வாங்கியதும் செல்லாது. மாளிகை வேண்டுமானால் முதலிலிருந்து கேட்கட்டும் என்று, ராஜாவே அவரைக் கடலோரக் களத்துக்கு இழுத்துப் போனான். கவிழ்த்த கூடைமேல் ராஜா உட்கார்ந்தான். கொளுத்துகிற மணலில் விருதராயர் நின்றார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டு வாய் மூடவில்லை, கரையே எழுந்து நின்றது.

களம் பெண்களுக்கே என்று தீர்ப்பானது. கடலோரம் முழுவதற்கும் ஊர்க்கேள்வி நடத்தும் பொறுப்பைக் காத்தாயிக்குக் கொடுத்துத் தன் முத்துமாலையையும் கழற்றிப் போட்டான் ராஜா. விருதராயருக்கும் ஒரு உத்தரவு உண்டு. நாட்டில் எங்கே ஊர்க்கேள்வி நடந்தாலும் அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

அன்றைக்குக் கடைசியாகப் பேச எழுந்தவள் காத்தாயியின் மாமியார். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்கிறார்கள்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.